வெளியே ஐந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர் பாதிப் பங்கு கேட்கலாமா?

கேள்வி: 12 ஜூலை 2025

வயது 37. விருதுநகரில் எங்களுக்குச் சின்னதாக ஓர் எண்ணெய் மில். படிப்பு முடிந்ததும் ஊரை விட்டுப் போனேன். கால் சென்டர், கூரியர் அலுவலகம், குவைத்தில் ஸ்டோர் கீப்பர், திரும்பி வந்து மருந்து ரெப், கடைசியாக ஒரு ஆன்லைன் கம்பெனி கோடவுனில் சூப்பர்வைசர். தம்பி பத்தொன்பது வயதிலிருந்து மில்லிலேயே இருக்கிறான். இப்போது அப்பாவுக்கு முடியவில்லை. என்னை வரச் சொல்லி, இரண்டு பேர் பெயரிலும் எழுதிவிடுகிறேன் என்கிறார். தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள், "ஊர் சுற்றிவிட்டு வந்தவனுக்குப் பாதியா?" என்கிறார்கள். நான் வெளியே இருந்த வருடங்கள் வீண்தானா? பாதி கேட்பது நியாயமா?

12 ஜூலை, இரவு 9.40

கேளுங்கள். தயங்க வேண்டாம்.

நானும் அப்படித் திரும்பி வந்தவள்தான். சிவகாசியில் எங்களுக்கு ஆஃப்செட் அச்சகம். தினசரி காலண்டர், நோட்டு அட்டை, லேபிள் வேலைகள். 1997-இல் பி.காம். முடித்தேன். பெண்பிள்ளை மெஷின் பக்கம் வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஒரு பட்டாசு ஆலை ஆபீசில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். 2000-இலிருந்து நான்கு வருடம் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. கல்யாணமாகி 2004-இல் ஷார்ஜா, அங்கே ஓர் அச்சகத்தில் எஸ்டிமேட் போடும் வேலை. 2009-இல் வளைகுடாவில் வேலைகள் கழன்றபோது ஊர் திரும்பினோம். பிறகு ஒரு மெட்ரிக் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுத்தேன். 2012 நவம்பரில் அப்பா தவறினார். அதற்கப்புறம்தான் ஃபர்முக்குள் வந்தேன். 2005-இல் சட்டம் மாறியிருந்ததால் எனக்கும் சம பங்கு வந்தது. இன்று நான், தம்பி, அம்மா மூவரும் கூட்டாளிகள்.

இந்த வேலைகளில் தொழிலுக்கு நேராகக் கைகொடுத்தது ஷார்ஜா மட்டும்தான். பள்ளிக்கூட வருடங்கள் சும்மா போனவை. ஆனாலும் பங்கு என்பது பிறப்பால் வருவது. வெளியே என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

13 ஜூலை, காலை 6.15

ஷார்ஜா எப்படிக் கைகொடுத்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அப்பா ஆர்டர் எடுக்கும் முறையை முதலில் சொல்கிறேன். வேஸ்ட் ஷீட்டைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பார்ட்டி பெயரும் எண்ணிக்கையும் எழுதுவார். அவ்வளவுதான். பேப்பர் என்ன, ரேட் என்ன, அட்வான்ஸ் எவ்வளவு, சாமி படமா இயற்கைக் காட்சியா, எல்லாம் மனப்பாடம். முப்பது வருடம் அப்படியே ஓட்டினார். ஒரு பார்ட்டியிடமும் சொல் தவறியதில்லை.

அவர் போனது காலண்டர் சீசன் நடுவில். டிராயரைத் திறந்தால் 41 கிழிசல்கள். ரேட் எதிலும் இல்லை. பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, நானும் தம்பியும் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஃபோன் போட்டோம். "அண்ணாச்சி, அப்பா உங்களுக்கு என்ன ரேட் பேசியிருந்தாங்க?" என்று கேட்டால், அந்தப் பக்கம் முதலில் அழுகை, பிறகு ரேட். இரண்டு பேரைத் தவிர அத்தனை பேரும் சரியான ரேட்டைத்தான் சொன்னார்கள் என்பது பழைய பில்களை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அந்த 39 பேர் பெயரையும் இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

ஷார்ஜாவில் நான் பார்த்த அச்சகத்தில் ஜாப் கார்டு இல்லாமல் ஒரு தாள்கூட மெஷினில் ஏறாது. அளவு, பேப்பர், எத்தனை கலர், ரெஜிஸ்டர் பிடிக்க (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார) எத்தனை நிமிடம் ஆனது, அதில் எத்தனை ஷீட் வேஸ்ட், கட்டிங், டெலிவரி தேதி எல்லாம் அந்த மஞ்சள் அட்டையில் இருக்கும். மெஷினோடே அட்டையும் நகரும். 2013 சீசனுக்கு அதையே தமிழில் அடித்து இங்கே கொண்டுவந்தேன். மெஷின்மேன் முதலில் சுணங்கினார். எழுதச் சொன்னால் தன்மேல் சந்தேகம் என்று நினைத்துவிட்டார். மூன்றாவது வாரம் ஒரு பார்ட்டி வந்து, "கலர் மங்கல், நான் சொன்ன பேப்பர் இது இல்லை" என்று நின்றபோது, அவரே அட்டையை எடுத்துவந்து நீட்டினார். அந்த ஆர்டரின் பேப்பருக்குப் பார்ட்டியே போட்ட கையெழுத்து அதில் இருந்தது. அன்றிலிருந்து அட்டை அவர் பொறுப்பு.

13 ஜூலை, மதியம்

எண்ணெய் மில்லுக்கு ஜாப் கார்டு எதற்கு என்று கேட்பவருக்கு: எத்தனை மூட்டை கடலை உள்ளே போனது, எத்தனை டின் எண்ணெய் வந்தது, புண்ணாக்கு எத்தனை கிலோ, கரண்ட் எத்தனை யூனிட். ஒரு நாளைக்கு நான்கு எண்கள் போதும். குவைத்தில் ஸ்டோர் பார்த்தவருக்கு இது கைவந்த வேலை.

15 ஜூலை

முதல் நாள் எழுதியதில் ஒரு பெரிய தப்பு. வழக்கறிஞராக இருக்கும் தோழி வாசித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

2005-ஆம் வருடத் திருத்தத்தால் எனக்குப் பங்கு வந்தது என்று எழுதிவிட்டேன். அப்படி இல்லை. அந்தத் திருத்தமும், அதற்கு முன் 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே உரிமை தருபவை. 1989 சட்டத்தில், அது அமலுக்கு வருமுன் கல்யாணமான பெண்களுக்கு இடமில்லை. 2005 சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. எங்கள் அச்சகமோ அப்பாவும் சித்தப்பாவும் சம்பாதித்துப் போட்டது. அப்பாவின் சுயசம்பாத்தியம் உயில் இல்லாமல் விட்டுப்போனால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சரிசமம். இது 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நாம்தான் பல வீடுகளில் அதைப் பேசாமல், சீர் செய்தாயிற்று என்று முடித்துவிட்டோம்.

இன்னொன்றையும் அவள் சொன்னாள், இது கேள்வி கேட்டவருக்கு முக்கியம். வாரிசு என்பதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிட முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, இருக்கிற கூட்டாளிகள் எல்லோரும் சம்மதித்தால்தான் புது ஆள் உள்ளே வரமுடியும் என்பது 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டம். வாரிசுக்கு உரியது இறந்தவர் பங்கின் மதிப்பு. அதைத் தீர்க்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், அந்தப் பங்குக்கு உரிய லாபத்தையோ, ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டியையோ வாரிசு கேட்கலாம். எங்கள் சித்தப்பா, "நீயும் வா தாயி, உன் அப்பன் நாற்காலி சும்மா கிடக்குது" என்று சொன்னதால்தான் நான் கூட்டாளி. அவர் முடியாது என்றிருந்தால் கையில் ஒரு தொகையோடு பள்ளிக்கூடத்துக்கே திரும்பியிருப்பேன். சட்டம் கொடுத்தது போக சித்தப்பா கொடுத்ததும் இருக்கிறது, முதல் நாள் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

உங்கள் மில் அப்பா பெயரில் மட்டும் இருக்கிறதா, அல்லது தம்பி ஏற்கெனவே கூட்டாளியா? அதை முதலில் பாருங்கள்.

17 ஜூலை, ஆடி 1

இன்று மெஷினுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கொஞ்சம் நேரம் கிடைத்தது.

பள்ளிக்கூட வருடங்கள் சும்மா போனவை என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். நான்கு நாளாக அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு என்று ஒரு பாடம், கூட்டாளி விலகலும் இறப்பும் என்று ஒரு பாடம். நற்பெயரை (குட்வில்) மதிப்பிடு, மறுமதிப்பீட்டுக் கணக்கு போடு, இறந்த கூட்டாளியின் முதல் (மூலதன) கணக்கை முடித்து, அவர் வாரிசுகளுக்குச் சேரவேண்டியதைக் காட்டும் நிறைவேற்றாளர் கணக்குக்கு மாற்று. இரண்டு வருடம் அந்தக் கணக்குகளைக் கரும்பலகையில் போட்டேன். 'அ', 'ஆ', 'இ' என்று மூன்று கூட்டாளிகள், அதில் 'ஆ' இறந்துவிடுவார். பிள்ளைகள், "மிஸ், எப்பவும் 'ஆ'தான் சாகுறார்" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்பா இறந்த மூன்றாம் வாரம் ஆடிட்டர் ஆபீசில் அதே கணக்கு என் முன்னால் வந்தது. தலைப்பில் அப்பா பெயர். ஆடிட்டர் விளக்க ஆரம்பித்தார். "தெரியும் சார்" என்றேன். பேனாவை வாங்கி நானே எழுதி முடித்தேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் கால் வரவில்லை.

அந்தக் கணக்கு தெரிந்திருந்ததால்தான், சித்தப்பா 2014-இல் விலகியபோது அவருக்குச் சேரவேண்டியதை மூன்று வருடத் தவணையில் மனக்கசப்பு இல்லாமல் கொடுத்து முடித்தோம். நற்பெயருக்கு ஒரு தொகை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. மெஷின், பேப்பர், பாக்கி, இவ்வளவுதான் சொத்து என்று நினைத்திருந்தார். நான் சொல்லித்தான் அதையும் சேர்த்தோம். என்னை உள்ளே கூப்பிட்ட மனிதரிடம் அதை மறைத்திருந்தால் இன்றைக்கு அவர் வீட்டு வாசலில் ஏறியிருக்க முடியாது.

அதனால், ஒரு வேலை தொழிலுக்கு உதவியதா இல்லையா என்று மூன்று வரியில் தீர்ப்பு எழுதியது அவசரம்.

19 ஜூலை, சனி, இரவு 11 மணிக்கு மேல்

இதுதான் நான் எழுத வேண்டியிருந்தது. இத்தனை நாள் சுற்றி வளைத்தேன். இன்று சம்பளப் பட்டுவாடா முடிந்து கல்லாவைப் பூட்டும்போது, இனிமேலும் எழுதாமல் இருக்கக்கூடாது என்று தோன்றியது.

"கேளுங்கள், தயங்க வேண்டாம்" என்று முதல் நாள் சொன்னேன். 2012-இல் நானும் தயங்கவில்லை. அப்பாவின் பங்கை நான், தம்பி, அம்மா மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். சட்டப்படி சரி. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஃபர்ம் பத்திரத்தைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பழைய ரெக்கார்டுகளைத் தேடி மேல்மாடி பரணில் ஏறினேன். சிவப்பு பைண்டிங் போட்ட சம்பள நோட்டுகள் வருடவாரியாக அடுக்கி இருந்தன. அப்பா கையெழுத்து. இடப்பக்கம் பெயர்கள்: மெஷின்மேன், ஃபீடர் (மெஷினுக்குத் தாள் கொடுப்பவர்), கட்டிங், பைண்டிங் பெண்கள், வாட்ச்மேன். வலப்பக்கம் வாரம் வாரமாகத் தொகையும் கையெழுத்தும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகை, அச்சு மையிலேயே எடுத்தது.

1998 ஜூன் நோட்டில் தம்பி பெயர் இருந்தது. அந்த மாதம்தான் டிப்ளமா முடித்துவிட்டு உள்ளே வந்தான். ஃபீடருக்குக் கீழே, அப்பாவின் குண்டு எழுத்தில் அவன் பெயர். வலப்பக்கம் தொகை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. அடுத்த வாரமும் கோடு. அதற்கடுத்த வாரமும். நோட்டு நோட்டாகப் புரட்டினேன். பெயர் மேலே ஏறிக்கொண்டே வருகிறது. ஃபீடர், பிறகு மெஷின், பிறகு எல்லோருக்கும் மேலே. வலப்பக்கம் மட்டும் 14 வருடமும் அதே கோடு.

செலவுக்குக் காசு வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்டு வாங்குவான். கல்யாணமான பிறகும் அப்படித்தான். அவன் மனைவிக்கு ஒரு சேலை வாங்கக்கூட, "அப்பா, ஆயிரம் ரூபா..." என்று கல்லாப் பக்கம் வந்து நின்றதை நான் லீவில் வந்தபோது பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. குடும்பத் தொழில் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். அதே 14 வருடம் நான் மாதா மாதம் என் பெயரில் சம்பளம் வாங்கினேன். சென்னையில் வரிக்கணக்கில் காசு. 65 எழுத்து ஒரு வரி, அத்தனை வரிக்கு இத்தனை பைசா. அடித்த ஒவ்வொரு எழுத்துக்கும் கூலி வந்தது எனக்கு. இரவு பகலாக மெஷினோடு நின்றவனுக்கு ஒரு கோடு.

அன்று ராத்திரி அந்தப் பரணிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தந்த வருடம் எங்கள் மெஷின்மேனுக்கு வாரம் என்ன கொடுத்தோமோ அதே தொகை, 52 வாரம், 14 வருடம். போனஸ் சேர்க்கவில்லை. பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அப்பாவின் முதல் கணக்கில் அந்தப் பத்து லட்சம் சேர்ந்தே கிடந்தது. அதைத்தான் நான் மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அவன் கேட்கலையே" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கேட்கிற பிள்ளை இல்லையே அவன்" என்றாள்.

புதுப் பத்திரத்தில் இப்படி எழுதினோம். அந்தத் தொகையில் என் பங்குக்கும் அம்மா பங்குக்கும் வந்திருந்ததைத் தம்பியின் முதல் கணக்குக்குத் திருப்பினோம். லாபத்தில் அவனுக்கு 45, எனக்கு 30, அம்மாவுக்கு 25. இது போக, வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம். அம்மாவுக்குச் சம்பளம் இல்லை, அவள் வேலைக்கு வருவதில்லை. பங்கு வேறு, சம்பளம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் எங்கள் தெருவில் பாதி அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

20 ஜூலை

"அப்படியானால் முதல் நாள் ஏன் கேளுங்கள் என்றீர்கள்?" என்று நியாயமாகவே கேட்டிருக்கிறார் ஒருவர்.

பாதி கேளுங்கள் என்பதை இப்போதும் மாற்றவில்லை. அதற்கு முன் ஒரு படி இருக்கிறது, அதை விட்டுவிட்டேன். தம்பிக்கு மில் எத்தனை வருடச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். அவர் கேட்கும் முன் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். அதை எடுத்து அவர் பக்கம் வைத்த பிறகு மிச்சத்தில் பாதி. அவர் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் நீங்கள் வெளியே போனது அல்ல என்று நினைக்கிறேன். அவர் உள்ளே இருந்ததை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அதுதான்.

24 ஜூலை

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பற்றி ஒரு பழைய தோழி எழுதியிருக்கிறாள். அதே தி.நகர் மாடி, அதே பெடல், அதே ஹெட்ஃபோன்! ராத்திரி இரண்டு மணிக்கு வாயில் எதையோ மென்றுகொண்டே டிக்டேட் செய்யும் அமெரிக்க டாக்டரை அவளும் மறக்கவில்லை. அங்கே எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஹைப்போவும் ஹைப்பரும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும், ஒன்று குறைவு, ஒன்று அதிகம். காதை மட்டும் நம்பி அடித்தால் நோயாளிக்கு மருந்து தலைகீழாகப் போகும். கேட்ட சொல் இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று மேலே இருக்கிற பிரஷர், சுகர் அளவோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி.

2019 செப்டம்பர். 2020-க்கான தினசரி காலண்டர். நான்கு ஃபார்முக்கு (பல தேதித் தாள்கள் சேர்ந்து அச்சாகும் பெரிய ஷீட்) பிளேட் போட்டாகிவிட்டது, மெஷினில் ஏறவில்லை. ராத்திரி ஷிஃப்டில் டீ குடித்துக்கொண்டே புரூஃப் தாளைப் பார்த்தேன். மார்ச் 1, ஞாயிறு. ராகு காலம் 9.00–10.30.

ஞாயிறு என்றால் 4.30–6.00. ஒன்பதிலிருந்து பத்தரை வரை வருவது சனி. அடுத்த தாளைப் பார்த்தேன். திங்களில் ஞாயிறுடைய நேரம். அதற்கடுத்தது செவ்வாய், அதில் காலை 7.30–9.00, திங்களுடையது. பிப்ரவரியைப் புரட்டினேன், எல்லாம் சரி. டைப் செட்டிங் பையன் முந்தைய வருட ஃபைலை எடுத்து, ஒரு கிழமை தள்ளிப் போட்டிருக்கிறான். பிப்ரவரி 29-க்குப் பிறகு இன்னொரு கிழமை தள்ளவேண்டும், அதை மறந்துவிட்டான். மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை பத்து மாதமும் ஒரு நாள் பின்தங்கி இருந்தது. எமகண்டமும் அப்படியே.

தம்பியை எழுப்பினேன். தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, ராகு காலத்துக்கே ராகு பிடிச்சிருக்கு" என்றான். தூக்கக் கலக்கத்தில் அவன் சொன்னதைக் கேட்டு ஷிஃப்டே சிரித்தது. நான்கு பிளேட்டும் காசோடு போயின. அவ்வளவுதான் நஷ்டம். அச்சாகிப் போயிருந்தால் எத்தனை வீட்டில் பால் காய்ச்சுவதும் பெண் பார்ப்பதும் ராகு காலத்தில் நடந்திருக்கும் என்று நினைத்தாலே இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ராகு காலத்தை நம்பாதவர்களும் என்னிடம் வாதத்துக்கு வரலாம். ஆனால் நம்புகிறவர் நம்மை நம்பித்தான் தாளைக் கிழிக்கிறார்.

அந்தப் பையன் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறான். இப்போது லீப் வருடம் என்றால் அவனே முதல் ஆளாக வந்து நிற்கிறான்.

26 ஜூலை

கூட்டாளிச் சம்பளத்தை எப்படி எழுதுவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு, மிச்சத்துக்கு ஆடிட்டரிடம் போங்கள்.

பத்திரத்தில் எழுதாவிட்டால் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது, முதலுக்கு வட்டியும் கிடையாது, லாபம் சரிசமம். சட்டம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். (பிளஸ் டூ பாடத்தில் முதல் ஒரு மார்க் கேள்வி இது.) எனவே எழுதுங்கள். வேலை பார்க்கும் கூட்டாளி யார், எவ்வளவு என்று தெளிவாக எழுதுங்கள். ஃபர்முடைய வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட ஒரு உச்சவரம்பு உண்டு. 2024-25 நிதியாண்டிலிருந்து, கணக்கு லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. அதற்கு மேல் வரும் லாபத்துக்கு 60 சதவீதம். முதல் மீதான வட்டிக்கு 12 சதவீதம் வரை. 2025 ஏப்ரலிலிருந்து கூட்டாளிக்குப் போகும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கவேண்டும். இந்த விஷயம் எங்கள் ஏரியாவில் பல பேருக்கு இன்னும் எட்டவில்லை.

27 ஜூலை

ஒரு சின்ன விஷயம். வெளியே கற்றதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், தம்பி உள்ளேயே இருந்து கற்றதைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

2022-இல் பேப்பர் விலை ஏறிக்கொண்டே போன நேரம். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் காலண்டருக்கு ஜிஎஸ்டியை 12-இலிருந்து 18 ஆக்கியிருந்தார்கள். பார்ட்டிகள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு லோடு பேப்பர் வந்து இறங்கியது. 23-க்கு 36 இஞ்ச், 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம்) என்று ரேப்பரில் இருக்கிறது. தம்பி ஒரு ஷீட்டை உருவி, மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறினான். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது எழுபது இல்ல" என்றான். நான் ரீமைத் தராசில் ஏற்றினேன். 500 ஷீட்டுக்கு 18.7 கிலோ வரவேண்டும். 17.6 நின்றது. கணக்குப் போட்டால் 66 ஜிஎஸ்எம்கூட முழுசாக இல்லை. 200 ரீம் லோடில் 220 கிலோ பேப்பர் காற்றில் போயிருக்கும். லோடு திரும்பிப் போனது. எனக்கு ஃபார்முலா தெரியும், தராசு வேண்டும். அவனுக்கு உதறினால் போதும்.

3 ஆகஸ்ட், ஆடி 18

எங்கள் ஊரில் காலண்டர் ஆல்பத்துக்கு இன்றுதான் பூஜை. 2026-க்கான மாதிரிகள் எல்லாம் சாமி முன்னால் வைத்து, ஏஜென்ட்டுகளுக்குக் கேசரியும் காபியும். காலையிலிருந்து கால் ஓயவில்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு தம்பி ஃபோனை நீட்டினான். யாரோ இந்த இழையை அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயர் இல்லாவிட்டாலும் ராகு காலத்தைப் படித்ததும் கண்டுபிடித்துவிட்டான். முழுவதும் படித்திருக்கிறான். சம்பள நோட்டு பற்றி எழுதியதைப் படித்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன்தான் பேசினான்.

"நீ ஒன்ன விட்டுட்டியேக்கா."

"என்னத்த?"

"2006."

எனக்குப் புரியவில்லை. நான்கு கலர் மெஷினைக் காட்டினான். அது 2006-இல் செகண்ட்ஸில் வாங்கியது. அட்வான்ஸுக்கு அப்பாவிடம் பணம் புரளவில்லை. ஷார்ஜாவிலிருந்து நான் மூன்று தவணையாக மூன்று லட்சம் அனுப்பினேன். வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தானே, அதையும் அப்படியே அனுப்பிவிட்டு மறந்துபோனேன். அப்பா அதை எந்த நோட்டிலும் ஏற்றவில்லை. மெஷின் வந்து இறங்கியபோது தம்பி கூடவே நின்றிருக்கிறான், அவனுக்குத்தான் ஞாபகம்.

"என் கோட்ட மட்டும் எண்ணின. உன் கோட்ட யார் எண்ணுறது?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. ஏஜென்ட் ஒருவர் முருகன் படத்தில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று கூப்பிட்டார், போய்விட்டேன்.

4 ஆகஸ்ட், விடியற்காலை

தூக்கம் வரவில்லை.

முதல் நாள் நான் எழுதியதை மறுபடி படித்தேன். "வெளியே என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை." இதுவும் தப்பாகிவிட்டது. இன்று எங்கள் நாற்பது பேருக்குச் சோறு போடுகிற மெஷினின் அட்வான்ஸ், நான் ஷார்ஜாவில் எஸ்டிமேட் போட்டு வாங்கிய சம்பளம். தம்பி சொல்லும்வரை எனக்கே அது கணக்கில் வரவில்லை என்பதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. அவன் 14 வருடம் பார்த்த வேலைக்கு நோட்டில் ஒரு கோடாவது இருந்தது. என் மூன்று லட்சத்துக்கு அதுவும் இல்லை.

கேள்வி கேட்டவரே, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். குவைத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் ஏதாவது மில்லுக்குள் போனதா? மோட்டார், ஷெட், கரண்ட் டெபாசிட், கடலை கொள்முதல், எதுவானாலும் சரி. தம்பியிடமே கேளுங்கள். பாதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு பட்டியல் போடுங்கள். உங்கள் பட்டியலை அவர் எழுதட்டும், அவர் பட்டியலை நீங்கள் எழுதுங்கள்.

9 ஆகஸ்ட், சனி

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். தம்பியோடு உட்கார்ந்தாராம். எண்ணெய் பிழியும் மெஷினான எக்ஸ்பெல்லர் வாங்கியபோது குவைத் பணம் ஒன்றே கால் லட்சம் போனது என்று தம்பியே சொன்னாராம், தேதியோடு. இவர் எழுதிய சம்பளப் பாக்கிப் பட்டியலைத் தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் கூடுதலாகப் போட்டிருக்கிறாய் என்று அடித்துத் திருத்திக் கொடுத்தாராம். ஆடி முடியட்டும், ஆவணியில் பத்திரம் எழுதலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் நான் மூன்று லட்சத்தை விட்டுவிடலாம் என்கிறேன், தம்பி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். ஆறு சதவீத வட்டி போடவேண்டும் என்று வேறு சட்டம் பேசுகிறான், என் பதிவைப் படித்துத்தான். ஆடிட்டர் ஆதாரம் கேட்கிறார். ஷார்ஜாவில் பணம் அனுப்பிய எக்ஸ்சேஞ்சில் கொடுத்த ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அது அம்மா வீட்டுப் பரணில், சம்பள நோட்டுகளுக்குப் பின்னால் இருக்கவேண்டும். நாளை ஞாயிறு, மெஷின் லீவு. காலையிலேயே ஏறி எடுக்கப் போகிறேன். தம்பி ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான்.